அர்ஜுனாவின் நாற்காலிகள்

உலகக் கோப்பையை வென்ற கேப்டனுக்குக் கிரிக்கெட் வாரியத்திலும் துறைமுக அமைச்சகத்திலும் கால் ஊன்ற முடியாமல் போனது ஏன்? மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையிலிருந்து ஒரு பார்வை.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் ஏற்றப்படும் கன்டெய்னர்களில் கணிசமானவை நேராக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போவதில்லை. சிறிய கப்பலில் ஏறிக் கொழும்புக்குப் போகின்றன. அங்கே இறக்கப்பட்டு, பெரிய தாய்க்கப்பல் வரும்வரை காத்திருந்து, மறுபடி ஏறுகின்றன. தாய்க்கப்பல் வந்து நிற்கும் அளவுக்கு நம் துறைமுகத்துக்கு ஆழம் போதாது என்பது பல ஆண்டுப் புலம்பல். ஆழப்படுத்தும் திட்டங்கள் வந்தபடி இருக்கின்றன, கொழும்பும் வளர்ந்தபடி இருக்கிறது. திருப்பூர் பனியனும் கரூர் விரிப்பும் எந்த வேகத்தில் உலகத்தைச் சென்றடையும் என்பதில் கொழும்புத் துறைமுகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

2015 ஜனவரி முதல் 2017 மே வரை அந்தத் துறைமுகத்துக்குப் பொறுப்பான அமைச்சர் யார் தெரியுமா? அர்ஜுனா ரணதுங்கா. லாகூரில் மெக்ராத்தின் பந்தைத் தேர்ட்மேன் பக்கம் லேசாகத் தட்டிவிட்டு உலகக் கோப்பையை வாங்கிக்கொண்டு போன அதே ஆள். துறைமுக ஆணையத்தின் தலைவர் நாற்காலியில் அப்போது அமர்ந்தவர் அவருடைய அண்ணன் தம்மிக்க ரணதுங்கா. அவரும் இலங்கைக்காக 2 டெஸ்ட் ஆடியவர். இலங்கைக் கிரிக்கெட் வாரியத்தின் தலைமைச் செயல் அதிகாரியாகவும் இருந்தவர்.

ஆடி முடித்த வீரர்கள் நிர்வாகத்துக்கு வர வேண்டும் என்று நம் ஊர் டீக்கடையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அப்படி வந்தவர்களில் முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டிய வாழ்க்கை அர்ஜுனாவுடையது. பேச்சாளர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் ஒதுங்கியவர்கள் பலர். இவர் ஒதுங்கவில்லை, கிடைத்த நாற்காலியில் எல்லாம் அமர்ந்து பார்த்தார். எதிலும் நீண்ட காலம் இருக்கவில்லை.

1982 பிப்ரவரி 17-ம் தேதி இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது. எதிரணி இங்கிலாந்து. இடம், தமிழ் யூனியன் கிளப்பின் சொந்த மண்ணான கொழும்பு சரவணமுத்து மைதானம். அர்ஜுனாவுக்கு வயது 18, ஆனந்தா கல்லூரியில் பள்ளி மாணவர். முதல் இன்னிங்ஸில் அவர் எடுத்த 54 ரன்கள்தான் இலங்கைக்காக அடிக்கப்பட்ட முதல் டெஸ்ட் அரைசதம். 2000-ல் அந்த நாடு தன் 100-வது டெஸ்டை ஆடியபோதும் அணியில் அவர் இருந்தார். 93 டெஸ்டுகள், 269 ஒருநாள் போட்டிகள், பத்தாண்டுக்கும் மேல் கேப்டன் பதவி. உடம்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இரண்டு ரன் ஓட வேண்டிய இடத்தில் ஒரு ரன்னை நடந்தே எடுப்பார்.

தமிழ் வாசகருக்கு அவரை மறக்க முடியாமல் செய்தது முரளிதரன் விவகாரம். 1995 டிசம்பர் 26-ல், மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் 3 ஓவர்களுக்குள் 7 முறை முரளியின் பந்தை நோ-பால் என்றார். 1999 ஜனவரி 23-ல், அடிலெய்டில் ராஸ் எமர்சன் அதையே செய்தார். இந்த முறை அர்ஜுனா அணியை அழைத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை போய்விட்டார். நடுவரை நோக்கி விரலை நீட்டி அவர் பேசிய காட்சியை அன்று டி.வி.யில் பார்த்தவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. மறுபடி தொடங்கியதும், நடுவர் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினார். 303 ரன் இலக்கை ஒரு விக்கெட் மிச்சம் வைத்து இலங்கை எட்டியது. பிறகு நடந்த விசாரணைக்கு அவர் வக்கீல்களோடு போனார். அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட தடையும் கிடைத்தன.

உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. சிங்களக் கேப்டன் ஒருவர், மலையகத் தமிழ்ப் பந்துவீச்சாளர் ஒருவருக்காக உலகமே பார்க்க முரண்டு பிடித்தார். அதை வைத்து அவரை இன ஒற்றுமையின் தூதுவராக்கிவிட வேண்டியதில்லை. என் ஆளை எவனும் தொடக் கூடாது என்ற கேப்டன் புத்திதான் அது என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் புத்தி அன்று இல்லாமல் போயிருந்தால் 800 விக்கெட்டும் இல்லை.

நிர்வாகத்துக்கு வந்தபோது அவருக்குக் காலை வாரியதும் இதே புத்திதான்.

2001-ல் நாடாளுமன்றம் போனார். 2004-ல் துணை அமைச்சர். 2008 ஜனவரியில் விளையாட்டு அமைச்சர் காமினி லொக்குகே, கிரிக்கெட் வாரியத்தின் இடைக்கால நிர்வாகக் குழுவுக்கு அவரைத் தலைவராக்கினார். இந்த 'இடைக்காலக் குழு' என்பது இலங்கைக் கிரிக்கெட்டின் நிரந்தர நோய். 1973-ம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு வானளாவிய அதிகாரம் தருகிறது: சங்கத்தைக் கலைக்கலாம், ஆட்களை நியமிக்கலாம், தேசிய அணியின் பட்டியலுக்கே அவர் ஒப்புதல் வேண்டும். 1999-லிருந்து அங்கே வாக்குப்பெட்டியை விட அரசின் வர்த்தமானி அறிவிப்பே வாரியத்தை அதிகம் மாற்றியிருக்கிறது.

அர்ஜுனா அமர்ந்த வருடம்தான் ஐ.பி.எல். பிறந்தது. 2009 கோடையில் இங்கிலாந்து சுற்றுப்பயணத்துக்கு அழைப்பு வந்தது. ஜிம்பாப்வே வராததால் காலியான இடம் அது. அவர் ஒப்புக்கொண்டார். வாரியத்துக்கு வருமானம், அணிக்கு லார்ட்ஸில் டெஸ்ட், வேறென்ன வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் முன்னணி வீரர்கள் ஏற்கனவே ஐ.பி.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே மாதங்கள். வீரர்கள் தங்கள் முன்னாள் கேப்டனிடம் பேசித் தீர்க்கவில்லை, அமைச்சரிடம் போனார்கள். 2008 டிசம்பரில் அதே லொக்குகே குழுவைக் கலைத்தார். பதவிக்கு ஆயுள் ஒரு வருடம்கூட இல்லை. சுற்றுப்பயணமும் ரத்தானது, இங்கிலாந்துக்குப் போனது மேற்கிந்தியத் தீவுகள்.

அடிலெய்டில் முரளிக்காக விரலை நீட்டியவர், பத்தாண்டு கழித்து, வீரர்கள் அடுத்த தலைமுறைக்கும் சேர்த்துச் சம்பாதிக்கக் கிடைத்த வாய்ப்பின் குறுக்கே நின்றதாகப் பார்க்கப்பட்டார். அவர் மாறிவிட்டாரா? இல்லை என்றே நினைக்கிறேன். கேப்டனுக்கு எதிராளி மைதானத்தில் இருக்கிறான். நிர்வாகிக்கு எதிராளி யார் என்றே தெரியாது. பல நேரம் அவனை நியமித்தவனே எதிராளி. அந்த ஆட்டம் அவருக்குப் புதிது.

2016 ஜனவரியில் நியமனத்தை நம்பாமல் தேர்தலில் நின்றார். துறைமுக அமைச்சராக இருந்துகொண்டே வாரியத்தின் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டி. தலைவர் பதவிக்கு நின்றவர் அவர் தம்பி நிஷாந்த ரணதுங்கா. இருவரும் தோற்றார்கள். திலங்க சுமதிபால தலைவரானார். துணைத் தலைவர்களாக வந்த இருவரில் ஒருவர் கே.மதிவாணன் என்ற தமிழர். கிளப்களும் மாவட்டச் சங்கங்களும் ஓட்டுப் போடும் தேர்தல் அது. உலகக் கோப்பையைக் காட்டி அங்கே ஒரு ஓட்டு வாங்க முடியாது. ஒவ்வொரு சங்கத்துக்கும் மைதானத்துக்கு என்ன, மானியத்துக்கு என்ன என்று பேசத் தெரிந்தவனே வெல்வான்.

அடுத்த அடி துறைமுகத்தில் விழுந்தது. ராஜபக்ச காலத்தில் சீனக் கடனில் கட்டிய ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட அரசு முடிவு செய்தது. சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 80 சதவீதப் பங்கு என்பது முதல் வரைவு. 2016 டிசம்பரில் அங்கே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, கடற்படை இறங்கியது. துறை அமைச்சரான அர்ஜுனா, இந்த நிபந்தனைகளை ஏற்க முடியாது என்று பிடிவாதம் பிடித்தார். 2017 மே மாத அமைச்சரவை மாற்றத்தில் அவர் பெட்ரோலியத் துறைக்கு மாற்றப்பட்டார். ஜூலை 29-ம் தேதி புதிய அமைச்சர் மகிந்த சமரசிங்க முன்னிலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது: 112 கோடி டாலர், சீன நிறுவனத்துக்கு 70 சதவீதம். பங்கு 80-லிருந்து 70-க்கு இறங்கியதில் அர்ஜுனாவின் பிடிவாதத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம். அதற்கான மதிப்பெண் அவர் கணக்கில் ஏறவில்லை.

பெட்ரோலியத் துறையும் அவருக்கு நிம்மதி தரவில்லை. அந்தக் காலத்து எண்ணெய்க் கொள்முதல் தொடர்பாக 2025 டிசம்பரில் இலங்கையின் லஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. அப்போது பெட்ரோலியக் கூட்டுத்தாபனத் தலைவராக இருந்த தம்மிக்க கைதாகிப் பிணையில் வந்தார். அர்ஜுனாவின் பெயரும் அதில் உண்டு. குற்றச்சாட்டு தீர்ப்பு ஆகாது. ஆனால் இந்தக் கட்டுரையில் அதைச் சொல்லாமல் தாண்டுவதும் நியாயமில்லை.

ஹம்பாந்தோட்டைக்கு முன்பே கடலைக் குத்தகைக்கு விட்ட கதை இந்த வளைகுடாவில் உண்டு. 1905-ல் மன்னார்ப் பக்கம் நடந்த சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த வருமானத்தைப் பார்த்து 1906-ல் இலங்கையின் முத்துப் பார்கள் லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. ஓரிரு ஆண்டுகளில் பார்கள் வெறுமையாயின, கம்பெனி கலைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் அரசே நேரடியாக நடத்தியது. 1961-க்குப் பிறகு இங்கும் சலாபம் நடக்கவில்லை. இப்போது நம் ஆட்கள் மூழ்குவது சங்குக்குத்தான்.

அந்தச் சலாபத்தின் நிர்வாகத்தைப் பாருங்கள். எந்தப் பாரில் எவ்வளவு ஆழம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், சிப்பி முற்றிவிட்டதா என்பதெல்லாம் பரதவக் குளியாளிக்கு அத்துப்படி. ஆனால் பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளின் முத்தை மதிப்பிட்டு, இந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று சொல்வது அதிகாரி. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிக்கு, மீதி அரசுக்கு. பரதவரின் சாதித்தலைவனுக்குப் பழைய உரிமைப்படி, மூழ்குவதற்கான கற்களில் சிலவற்றின் வருமானம் தனியே ஒதுக்கப்பட்டது. அதாவது கடலடிக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒருவருக்கு மரியாதைக்கு ஓர் இடம் இருந்தது. குளிப்பு எப்போது என்று முடிவெடுக்கும் இடம் அதுவல்ல.

படகில் இருந்து கயிற்றைப் பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டானாம். கிரிக்கெட்டில் மூழ்கி எழுந்தவனையே கயிறு பிடிக்க வைத்தால் ஆட்டக்காரன் பத்திரமாக இருப்பான் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும். அந்தக் கயிறு பிடிப்பவனைப் படகில் ஏற்றியதும், நினைத்தால் இறக்கிவிடப்போவதும் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பாகிஸ்தானில் ரமீஸ் ராஜா 2021-ல் வாரியத் தலைவரானார். அப்போதைய பிரதமர் இம்ரான் கான், அவருடைய பழைய கேப்டன். ஆட்சி மாறியது, 2022 டிசம்பரில் ரமீஸ் வெளியே. வங்கதேசத்தில் ஷேக் ஹசீனா வீழ்ந்த 2024 ஆகஸ்டில் முன்னாள் கேப்டன் ஃபரூக் அகமது வந்தார். ஒன்பது மாதத்தில் அவரும் அகற்றப்பட்டு, இன்னொரு முன்னாள் கேப்டன் அமினுல் இஸ்லாம் வந்தார். எல்லோரும் நாட்டுக்காக ஆடியவர்கள்தான். அது அவர்களை ஒரு நாள்கூடக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை.

நம் நாட்டில் இவ்வளவு அப்பட்டமாக நடக்காது. 2015-ல் டால்மியா இறந்த சில நாட்களில், வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்குச் சௌரவ் கங்குலி தலைவராவார் என்ற செய்தியை அறிவித்தவர் முதல்வர் மம்தா பானர்ஜி. 2019-ல் கங்குலியே இந்திய வாரியத்தின் தலைவர், போட்டியின்றி. 2022-ல் ரோஜர் பின்னி, போட்டியின்றி. 2025 செப்டம்பரில் மிதுன் மன்ஹாஸ், அவரும் போட்டியின்றி. டெஸ்ட் ஆடாத, ஆனால் முதல்தரப் போட்டிகளில் 9,000 ரன்களுக்கு மேல் குவித்த டெல்லி அணி ஆட்டக்காரர். மூன்று முறை தொடர்ந்து முன்னாள் வீரர்கள். மூன்று முறையும் ஓட்டுச்சீட்டு அச்சடிக்கத் தேவைப்படவில்லை. பெயரை முடிவு செய்யும் கூட்டம் எங்கோ முன்பே நடந்துவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு இதைத்தான் உடைக்கப் பார்த்தது. 70 வயது வரம்பு, தொடர்ந்து பதவியில் இருந்தால் இடைவெளி, அமைச்சர்களுக்குத் தடை, வாரியத்தின் உச்சக் குழுவில் வீரர் சங்கத்துக்கு ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என 2 இடங்கள். 2019-ல் அந்த இடங்களுக்கு அன்ஷுமான் கெய்க்வாடும், சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியும் வந்தார்கள். இந்தியப் பெண்கள் அணியின் முதல் டெஸ்ட் கேப்டன் சாந்தா. வீரர்கள் ஓட்டுப் போட்டு வாரியத்துக்குள் ஓர் ஆள் போனது அதுவே முதல் முறை. இடைவெளி விதியை 2022-ல் உச்ச நீதிமன்றமே தளர்த்திக் கொடுத்தது வேறு கதை.

தமிழ்நாட்டுக் கதையில் கம்பெனிகளைச் சொல்லாமல் முடியாது. சென்னை லீக்கின் பெரிய கிளப்கள் பல, நிறுவனங்களின் கையில். இந்தியா சிமெண்ட்ஸ், கெம்பிளாஸ்ட் போன்றவை வீரர்களுக்கு வேலை கொடுத்து, சம்பளம் கொடுத்து, ஆட விட்டன. அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பையன்கள் பலர் முப்பது வயதுவரை ஆடியிருக்கவே முடியாது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அதே சமயம், சங்கத் தேர்தலில் ஓட்டு கிளப்புக்கு, கிளப் கம்பெனிக்கு, வீரர் கம்பெனியின் ஊழியர். ஊழியர் எழுந்து முதலாளியின் நாற்காலியைக் கேட்பாரா? என்.சீனிவாசன் பல ஆண்டு சங்கத்தை நடத்தினார். 2019-ல் அவர் மகள் ரூபா குருநாத் தலைவரானார். மாநிலச் சங்கம் ஒன்றின் முதல் பெண் தலைவர். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் தேசியத் தேர்வுக் குழுத் தலைவராக இருந்தார், 2011 உலகக் கோப்பை அணியைத் தேர்ந்தெடுத்தது அவர் குழுதான். தேர்வுக்குழு வரை வீரர்கள் வந்துவிடுவார்கள். காசோலையில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வருவதுதான் கடினம்.

எங்கள் ஊரின் பங்கும் இதில் ஒன்று உண்டு. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது முதல் கோப்பையை வென்ற அணியின் பெயர் டூட்டி பேட்ரியாட்ஸ். தினேஷ் கார்த்திக் தலைமையில், சேப்பாக்கத்தில், சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன்னில் தோற்கடித்தார்கள். தூத்துக்குடி பெயரைச் சட்டையில் போட்ட அந்த அணி தூத்துக்குடியில் ஒரு லீக் ஆட்டமும் ஆடவில்லை. அதற்கேற்ற மைதானம் இங்கே இல்லை. பக்கத்தில் ஆட வேண்டுமென்றால் நெல்லை சங்கர் நகர், அதுவும் சிமெண்ட் கம்பெனியின் மைதானம். 2021 தொடரில் அணியே சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. ஊரில் அதற்காக யாரும் கறுப்புக்கொடி பிடிக்கவில்லை. சொந்த மைதானத்தில் ஒரு தடவையாவது பார்த்திருந்தால் பிடித்திருப்பார்களோ என்னவோ. அனல்மின் நிலையமும் இரண்டு துறைமுகங்களும் விமான நிலையமும் உள்ள ஊர் இது. சர்வதேச ஆட்டம் வேண்டாம், மழை பெய்தால் மறுநாள் ஆடக்கூடிய ஒரு புல்தரை போதும். அதைக் கேட்க மாநிலச் சங்கத்துக்குள் எங்கள் மாவட்டத்து ஆட்டக்காரர் ஒருவர் வேண்டும்.

அரசியலும் சங்கமும் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2013-ல் நாமே பார்த்தோம். இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று முதல்வர் ஜெயலலிதா எழுத, ஐ.பி.எல். நிர்வாகம் தலையாட்டியது. ஈழத்தின் காயத்துக்கு அன்று இங்கே இருந்த கோபம் உண்மையானது. ஆனால் அந்தத் தடையில் சிக்கியவர்களில் ஒருவர், சென்னையில் பெண் எடுத்த தமிழரான முரளிதரன். அன்று விரலை நீட்டப் பக்கத்தில் கேப்டன் யாரும் இல்லை.

அர்ஜுனாவுக்குக் கடைசி நாற்காலி 2023-ல் வந்தது. நவம்பர் 2-ம் தேதி மும்பை வான்கடேயில் இந்தியாவிடம் இலங்கை 55 ரன்னுக்குச் சுருண்டு 302 ரன்னில் தோற்றது. 6-ம் தேதி விளையாட்டு அமைச்சர் ரொஷான் ரணசிங்க வாரியத்தைக் கலைத்து, அர்ஜுனா தலைமையில் இடைக்காலக் குழுவை அறிவித்தார். 7-ம் தேதி நீதிமன்றம் தடை விதித்தது. 10-ம் தேதி அரசுத் தலையீடு என்று சொல்லி ஐ.சி.சி. இலங்கையையே இடைநீக்கம் செய்தது. இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அப்போதைய இந்திய வாரியச் செயலாளர் ஜெய் ஷாதான் இலங்கைக் கிரிக்கெட்டை ஆட்டிவைக்கிறார் என்று அர்ஜுனா சொல்ல, அதற்கு இலங்கை அரசு வருத்தம் தெரிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் அமைச்சரும் பதவி இழந்தார். இடைநீக்கம் நீங்க 2024 ஜனவரி 28 ஆயிற்று. வாரியம் ஊழல்மயம் என்று அர்ஜுனா சொன்னதில் உண்மை இருந்தாலும், அதைச் சரிசெய்ய அவர் ஏற்றுக்கொண்ட வழி, 2008-ல் அவரைக் கவிழ்த்த அதே வழி. இதை அவர் யோசிக்காமல் விட்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு தேசியச் சம்மேளனத்தின் செயற்குழுவிலும் சாதனை படைத்த வீரர்கள் 2 பேராவது இருக்க வேண்டும் என்கிறது அது. 2028 ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இருப்பதால் இந்திய வாரியமும் அதன் வரம்புக்குள் வரும். அந்த 2 பேருக்குப் பின்னால் எத்தனை ஓட்டு இருக்கும், மாவட்டங்கள் வரை அது இறங்குமா என்பதெல்லாம் இனிமேல்.

கிரிக்கெட்டை விட்டு ஹாக்கியைப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. எங்கள் மாவட்டத்துக் கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பேர் போன ஊர். தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் மட்டையோடு அலையும் ஊர். செயற்கைத் தரை வந்தது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டி அங்கேயே நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், இந்தியாவுக்காக 400 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய திலீப் டிர்க்கி ஹாக்கி இந்தியாவின் தலைவரானார். அவரும் போட்டியின்றித்தான், அவருக்கும் முன்பு ஒடிசாவின் அன்றைய ஆளுங்கட்சி சார்பில் மாநிலங்களவை இருக்கை இருந்தது. அந்த வகையில் கங்குலிக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தபோது சென்னையோடு நின்றுவிடவில்லை. பல ஆட்டங்களை மதுரையில், புதிதாகக் கட்டிய ஸ்டேடியத்தில் நடத்தினார்கள். கோவில்பட்டிப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறினால் ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.